ஊசி இறங்கவில்லை

கதிர்வீச்சு வேலைகளைக் கண்காணிக்கும் அரச அலுவலகத்திலிருந்து பரிசோதனைக்கு வருகிறார்கள் என்று தகவல் கிடைத்ததும் நான் கோப்புகளை அடுக்கத் தொடங்கினேன். அனுமதிப்பத்திரம், நாங்கள் சோர்ஸ் என்று சொல்லும் கதிர்மூலங்களின் இருப்புப் பதிவேடு, ஒவ்வொருவர் உடலிலும் பட்ட கதிர்வீச்சைப் பதியும் பட்ஜ்களின் அறிக்கைகள், கதிர்வீச்சை அளக்கும் மீற்றரின் அளவுத்திருத்தச் சான்றிதழ், பயிற்சிப் பதிவுகள் என்று ஒன்பது கோப்புகள். கொழும்பில், குழாய்களிலும் தாங்கிகளிலும் உள்ள வெல்டிங்கைக் கதிர்ப்படம் எடுத்துச் சோதிக்கும் ஒரு நிறுவனத்தில் அப்போது நான் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர்.

வந்த அம்மா கதிரையில் உட்காரவில்லை. கோப்புகளை ஒரு பார்வை பார்த்தார். "சேர்வே மீற்றர் எங்க? ஒருக்கா ஒன் பண்ணிக் காட்டுங்க" என்றார்.

பெட்டியிலிருந்து எடுத்து, குமிழைப் பற்றரிச் சோதனைக்குத் திருப்பினேன். ஊசி கொஞ்சம் துடித்தது. பச்சைக் கோட்டை எட்டாமலே விழுந்துவிட்டது. மேசையில் விரிந்து கிடந்த பதிவேட்டிலோ, அன்றைய திகதிக்கு நேரே "சோதித்தது, சரி" என்று என் கையெழுத்து.

அவர் ஏசவில்லை. உதவியாளராக வேலை செய்த தம்பியைக் கூப்பிட்டார். ஹற்றன் பக்கத்திலிருந்து வந்து வத்தளையில் அறை எடுத்துத் தங்கியிருந்த பிள்ளை அவன். "சோர்ஸை உள்ளுக்கு எடுத்த பிறகு என்ன செய்வீங்க தம்பி?"

"லொக் விழுந்திருக்கான்னு பாப்பேன் மெடம்."

"அதுக்கு முந்தி?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். மீற்றர் என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. வருவதற்கு நான் எதுவும் செய்திருக்கவில்லை.

மீற்றர் திருத்தப்பட்டு, எல்லாருக்கும் மீண்டும் பயிற்சி கொடுக்கும்வரை வெளிவேலை நிறுத்தம் என்று எழுத்தில் வந்தது. பதினொரு நாள். ஒரு பற்றரிக்காக இவ்வளவா என்று மேலிடம் குதித்தது. முதல் இரண்டு நாளும் எனக்கும் கோபம்தான். அதன் பிறகு வந்தது வெட்கம்.

எங்கள் கையில் இருந்த பொருளைச் சொன்னால் அந்தப் பதினொரு நாளின் நியாயம் விளங்கும். வெல்டிங்கைப் படமெடுக்க நாங்கள் பயன்படுத்தியது இரிடியம்-192. பேனா முனையளவு உலோகம். கேமரா என்று நாங்கள் சொல்லும் கனத்த பெட்டிக்குள், யுரேனியக் கவசத்துக்கு நடுவே அது இருக்கும். தூரத்தில் நின்று கிராங்கைச் சுற்றினால் கம்பி அதை வழிகாட்டிக் குழாய்க்குள் தள்ளி வெல்டிங் வரை கொண்டுபோகும். படம் எடுத்து முடிந்ததும் திருப்பிச் சுற்றி உள்ளே இழுக்கவேண்டும். 40 கியூரி வலுவுள்ள மூலம் கவசமில்லாமல் வெளியே இருக்கையில் ஒரு மீற்றர் தூரத்தில் நிற்பவருக்கு மணிக்கு ஏறக்குறைய 200 மில்லிசீவெர்ட் படும்; உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு அது. கதிர்வீச்சுடன் வேலை செய்பவருக்கு வருடமொன்றுக்குச் சராசரியாக அனுமதிக்கப்பட்டது 20 மில்லிசீவெர்ட். அதாவது ஆறு நிமிடத்தில் ஒரு வருடக் கணக்கு முடிந்துவிடும். கையால் எடுத்தாலோ விநாடிகளே போதும், விரல் வெந்துபோக. சூடு தெரியாது, மணம் இல்லை, வெளிச்சம் இல்லை. மனிதனுக்கு அது இருப்பதைச் சொல்லக்கூடிய ஒரே வாய் அந்த மீற்றர்தான்.

மொறோக்கோவின் மொஹமெதியாவில் 1984இல் இதே வேலையில் மூலம் கம்பியிலிருந்து கழன்று கேமராவுக்குத் திரும்பாமலே போனது. கீழே கிடந்ததை யாரோ வழிப்போக்கர் வீட்டுக்கு எடுத்துப் போனார். அந்தக் குடும்பத்தில் எட்டுப் பேர் இறந்தார்கள். பெருவின் யனாங்கோவில் 1999இல் ஒரு வெல்டர் கீழே கிடந்த மூலத்தை எடுத்துக் காற்சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்டார். அவருடைய காலை வெட்டவேண்டி வந்தது. இவற்றையெல்லாம் நான் பயிற்சியில் படித்து, பரீட்சையும் எழுதியவன். படித்தும் பதிவேட்டில் "சரி" என்று எழுதினேன்.

வேலை மீண்டும் தொடங்கியபோது பதிவேட்டின் அந்தக் கட்டத்தை மாற்றினேன். "சரி" என்ற சொல்லுக்கு இனி இடமில்லை. ஒவ்வொரு காலையும் கேமராவின் மேற்பரப்பில் மீற்றரை வைத்து, அது காட்டும் எண்ணை எழுதவேண்டும். எண் எழுதுவதென்றால் மீற்றரைத் திறந்தேயாக வேண்டும். இந்த யோசனையைத் தந்ததும் அந்த அம்மாதான், போகிற போக்கில், வாசலில் நின்று.

அடுத்த நான்கு மாதத்துக்குள் ஓர் இரவு பதினொன்றேமுக்காலுக்கு வெள்ளவத்தையில் என் வீட்டுத் தொலைபேசி அடித்தது. களனி ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஒரு தொழிற்சாலை முற்றத்தில் வேலை. நடந்ததைத் தம்பி பின்னர் சொன்னது இப்படி: கிராங்கைச் சுற்றிய அனுபவமுள்ள ஒப்பறேற்றர் கம்பி இறுகியதும் சோர்ஸ் உள்ளே வந்துவிட்டது என்று நினைத்தார். உள்ளே வந்தால் மீற்றரின் ஊசி இறங்கவேண்டும். இறங்கவில்லை. "மீற்றர் பழுதாயிருக்கும், போய்க் குழாயைக் கழற்று" என்றிருக்கிறார் அவர். தம்பி நகரவில்லை. "காலைல நான்தான் செக் பண்ணி நம்பர் எழுதினேன் சேர். மீற்றர் பழுதில்ல."

1990இல் இஸ்ரேலின் சோரெக்கில், கொபோல்ட் மூலத்தின் கதிர்வீச்சால் பொருள்களைக் கிருமிநீக்கம் செய்யும் ஒரு நிலையத்தில் நடந்தது இதன் மறுபக்கம். மூலம் தன் கவச இடத்துக்கு இறங்காமல் சிக்கி நிற்கையில் கதிர்வீச்சு அலாரம் ஒலித்தது. கட்டுப்பாட்டு மேசையோ மூலம் கீழே இறங்கிவிட்டதாகக் காட்டியது. பணியாளர் அலாரம்தான் பிழை என்று முடிவுசெய்து உள்ளே போனார். முப்பத்தாறு நாளில் இறந்துபோனார். கருவி சொல்வதை நம்புவதற்கு, அதை நேற்றும் இன்றும் நாமே சோதித்திருக்கவேண்டும். சோதிக்காத கருவி உண்மையைச் சொன்னாலும் பழுது என்றே காதில் விழும்.

நான் போய்ச் சேர்ந்தபோது தடைக்கயிற்றை இரண்டு மடங்கு தூரத்துக்குத் தள்ளிக் கட்டியிருந்தார்கள். அந்த அம்மாவின் ஒழுங்குபடுத்தல் அலுவலகத்துக்கு அப்போதே அறிவித்தோம். ஒரு இரும்புக் குழாய் உருண்டு வழிகாட்டிக் குழாயின்மேல் ஏறியிருந்தது. பெருவிரல் அகலத்துக்கு ஒரு நெளிவு, அவ்வளவுதான். பயிற்சி பெற்றவர்களுடன் திட்டம் போட்டு, மூலத்தை மீண்டும் முன்னே தள்ளிக் கவசமுள்ள முனைக்குள் நிறுத்தினோம். பிறகு நீண்ட கைப்பிடி இடுக்கியால் நெளிவை நிமிர்த்தி, விடிகையில் உள்ளே இழுத்தோம். ஊசி இறங்கியது. தம்பியின் பட்ஜ் அந்த மாதம் 0.3 மில்லிசீவெர்ட் காட்டியது.

நமது நாட்டில் 1969ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அணுசக்தி அதிகார சபைதான் நீண்டகாலம் அணுத் தொழில்நுட்பத்தை வளர்ப்பதும் அதைக் கண்காணிப்பதுமாக இருந்தது. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் இரண்டையும் பிரித்தது. வளர்க்கும் வேலை ஒரு சபைக்கு, அனுமதியும் பரிசோதனையும் தனியே ஒரு பேரவைக்கு. 2015 முதல் அப்படித்தான். தொழிலுக்குள் சிலர் இதை வீண் செலவு என்று அன்று சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் வேலை நின்றால் எதையும் இழக்காத ஒருவர்தான் எங்கள் வேலையை நிறுத்த முடியும். அந்தப் பதினொரு நாளை எங்கள் நிறுவனத்துக்குள் இருந்த யாரும், நான் உட்பட, விதித்திருக்கமாட்டோம்.

வேலை நின்றபிறகும் கண்காணிப்புத் தேவை என்பதையும் சொல்லவேண்டும். டில்லியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடம் பல்லாண்டு பாவிக்காமல் வைத்திருந்த, உள்ளே கதிர்மூலம் இருந்த காமாக் கருவியை 2010இல் ஏலத்தில் விற்றது. மாயாபுரியின் பழைய இரும்புக் கடைகளில் அதைப் பிரித்தார்கள், ஒருவர் இறந்தார். பஞ்சிகாவத்தையால் போகும்போதெல்லாம் இரும்புக் குவியல்களைப் பார்த்து அதை நினைப்பேன். இருப்புப் பதிவேட்டில் ஒரு வரி விடுபட்டால் அது போய்ச் சேரும் இடம் அப்படியொரு கடைதான்.

அடுத்த வருடமும் அதே அம்மா வந்தார். இந்த முறை காலைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். ஜனவரி 3ஆம் திகதி எண்ணில் ஒரு விரலையும் மார்ச் 18ஆம் திகதி எண்ணில் ஒரு விரலையும் வைத்தார். இரிடியம்-192இன் அரைவாழ்வுக் காலம், அதாவது அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 74 நாள். இரண்டாவது எண் முதலாவதில் ஏறக்குறைய பாதியாக இருந்தது. மேசையில் இருந்தபடி எழுதிய எண்கள் அப்படி இறங்கா.

பதிவேட்டை மூடிவைத்துவிட்டுத் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"மீற்றர் எங்க?"

அவன் கையில் இருந்தது.