விளக்கு எரிந்தும் ஓடாத மவுஸ்

கணினி மவுஸைக் கண்டுகொள்ளவில்லை என்றவுடன் பெரும்பாலோர் இரண்டு காரியங்களில் ஒன்றைச் செய்கிறார்கள்: இணையத்தில் டிரைவரை, அதாவது கருவியோடு பேசக் கணினிக்கு உதவும் மென்பொருளை, தேடி அலைகிறார்கள், அல்லது யாரோ சொன்னார்கள் என்று விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடுகிறார்கள். இரண்டும் கடைசியில் யோசிக்க வேண்டியவை. சாதாரண யூஎஸ்பி மவுஸுக்கு வேண்டிய டிரைவர் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஏற்கெனவே இருக்கிறது. நேற்றுவரை ஓடிய மவுஸுக்கு இன்று அது மட்டும் தானாகக் கெட்டுப்போவது அரிது. கெடுவது பெரும்பாலும் கையால் தொடக்கூடிய ஒன்றுதான்: கேபிள், பிளக், அதைச் செருகும் போர்ட்.

எங்கள் தெருமுனையில் டிடிபி கடை வைத்திருப்பவர் சென்ற மாதம் என்னை அழைத்து, "லைட்டு நல்லா எரியுது தம்பி, அம்பு மட்டும் நகர மாட்டேங்குது, சிஸ்டத்தை ஃபார்மட் பண்ணணும்னு சொல்றாங்க" என்றார். விளக்கு எரிவதால் மவுஸ் நன்றாக இருக்கிறது, எனவே கோளாறு கணினியில்தான் என்ற இந்த முடிவு மிகப் பரவலானது. ஆனால் அது தவறான முடிவு. மவுஸ் கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்கின்றன. வழக்கமான நிறங்களின்படி, சிவப்பு 5 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுவருகிறது, கறுப்பு அதன் திரும்பு வழி, பச்சையும் வெள்ளையும் தகவலைக் கொண்டுசெல்கின்றன. விளக்கு எரிவதற்குச் சிவப்பும் கறுப்பும் போதும். மற்ற இரண்டில் ஒன்று அறுந்திருந்தாலும் விளக்கு பிரகாசமாகவே எரியக்கூடும். இதற்கு மறுபக்கமும் உண்டு: சில மவுஸ்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துவதால், விளக்கு தெரியவில்லை என்பதற்காக மின்சாரம் போகவில்லை என்றும் முடிவு கட்டிவிட முடியாது.

கணினி மவுஸை அடையாளம் காணும் விதம் தெரிந்தால், திரையில் வரும் அறிகுறியை வைத்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம். சாதாரண மவுஸ், யூஎஸ்பி வகுத்த வேகங்களில் மிகக் குறைந்ததான நொடிக்கு 1.5 மெகாபிட் வேகத்தில் பேசும் கருவி. அது செருகப்பட்டவுடன், உள்ளே இருக்கும் 1,500 ஓம் தடை ஒன்று வெள்ளைக் கம்பியின் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. அதைக் கண்டுதான் கணினி, யாரோ வந்திருக்கிறார்கள், அவர்கள் மெதுவாகப் பேசுபவர்கள் என்று அறிந்துகொள்கிறது. (நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தில் இயங்கும் கேமிங் மவுஸ்களில் இந்தத் தடை பச்சைக் கம்பியில் இருக்கும்.) பிறகு கணினி அதை ஒருமுறை ரீசெட் செய்து, ஒரு முகவரி கொடுத்து, நீ யார், எந்த வகைக் கருவி, எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கேட்கிறது. மவுஸ் தரும் பதிலுக்கு டிஸ்கிரிப்டர் என்று பெயர்.

ஆகவே, சாதாரண மவுஸைச் செருகியும் எந்த ஓசையும் எழவில்லை, எந்தச் செய்தியும் வரவில்லை என்றால், கணினிக்கு ஆள் வந்ததே தெரியவில்லை. மின்சாரம் போகாதிருக்கலாம், வெள்ளைக் கம்பி அறுந்திருக்கலாம், போர்ட்டே செத்திருக்கலாம். மாறாக, 'யூஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு' என்ற செய்தி வந்து, கருவிகளைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்கிரிப்டர் ரெக்வெஸ்ட் ஃபெயில்டு' என்ற வரியும் 43 என்ற எண்ணும் தெரிந்தால், வந்த ஆள் தெரிகிறார், பேச்சுத்தான் புரியவில்லை என்று பொருள். பச்சைக் கம்பி அறுந்தாலோ, ஏதாவதொரு கம்பி விட்டுவிட்டுத் தொட்டாலோ இப்படி நேரும். லினக்ஸில் கர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியின், செய்திகளைப் பார்த்தால் இதே நிலை -71 அல்லது -110 என்ற பிழை எண்ணாக வரும். முன்னது பேச்சு சிதைந்ததையும் பின்னது பதில் வராமல் காத்திருந்து கைவிட்டதையும் குறிக்கிறது. இந்த எண்களைக் கண்டவுடன் பலர் டிரைவரைத்தான் சந்தேகிக்கிறார்கள். நான் முதலில் கேபிளைப் பார்ப்பேன்.

கடையில் நான் கேட்டது ஒரு ஆண்ட்ராய்டு ஃபோனும், யூஎஸ்பி கருவியை ஃபோனில் செருக உதவும் ஓடிஜி இணைப்பும் மட்டுமே. ஓடிஜி வசதியுள்ள ஃபோனில் நல்ல மவுஸைச் செருகினால், எந்தச் செயலியும் நிறுவாமலேயே திரையில் ஒரு சிறிய அம்பு வந்துவிடும். இரண்டாவது கணினி கைவசம் இல்லாத இடத்தில் இதைவிட எளிய சோதனை கிடையாது. அவருடைய மவுஸுக்கு ஃபோனிலும் விளக்கு எரிந்தது, அம்பு வரவில்லை. ஃபார்மட் பேச்சு அத்தோடு முடிந்தது. அடுத்து, மவுஸை மேசையில் வைத்துவிட்டு, கேபிள் அதன் உடலுக்குள் நுழையும் இடத்தை, அதாவது அந்தச் சிறிய ரப்பர் கழுத்தை, இரண்டு விரல்களால் பிடித்து மெல்ல வளைத்தேன். இடது பக்கம் வளைக்கும்போது அம்பு தோன்றியது; விட்டவுடன் மறைந்தது. நாள் முழுதும் முன்னும் பின்னும் இழுபடுவதால் கம்பியின் நுண்ணிழைகள் ஒவ்வொன்றாக அறும் இடம் அது. வெளியுறை வழவழப்பாக, புதிதுபோல இருக்கும். உள்ளே செம்பு அறுந்திருக்கும்.

இதைச் சரிசெய்யச் சால்டரிங் தெரிந்தவருக்கு நேரம் ஆகாது. அடிப்பக்கத்து ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும் திருகைக் கழற்றி, பழுதான பகுதியை வெட்டிவிட்டு, மீதிக் கேபிளைப் பழைய வரிசையிலேயே பற்றவைக்க வேண்டும். மலிவான மவுஸ்களில் கம்பி நிறங்கள் மாறியிருப்பதும் உண்டு; நிறத்தை நம்பாமல், எந்தக் கம்பி எந்த இடத்தில் இருந்தது என்று முன்பே படம் எடுத்துக்கொள்வது நல்லது. சில நூறு ரூபாய் மவுஸுக்கு இந்த உழைப்பு தகுமா என்று கேட்டால், பலருக்குத் தகாது என்றுதான் சொல்வேன். கை பழகிப்போன மவுஸ் என்றால் அது வேறு கணக்கு.

ஃபோனில் ஓடிக் கணினியில் மட்டும் ஓடாத மவுஸை, பெட்டியின் முன்பக்க போர்ட்டிலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். பின்பக்க போர்ட்கள் மதர்போர்டிலேயே பதிந்தவை. முன்பக்கத்தவை உள்ளே ஒரு கேபிள் வழியாக இணைக்கப்பட்டவை, பென் டிரைவ் செருகிச் செருகித் தளர்பவையும் அவையே. இடையில் ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப் இருந்தால் அதை விலக்கிவிட வேண்டும். கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டாயிற்று என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: விண்டோஸ் 8 முதல் வந்திருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால், ஷட் டவுன் என்பது முழு அணைப்பு அல்ல, கர்னலின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு அடுத்த முறை அப்படியே எழுப்பப்படுகிறது. ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது. பல மதர்போர்டுகள் அணைந்த நிலையிலும் யூஎஸ்பிக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், அணைத்த கணினியிலும் மவுஸ் விளக்கு எரிவதைப் பார்க்கலாம். சிக்கிக்கொண்ட போர்ட்டை விடுவிக்க, பவர் கேபிளையே பிடுங்கிவிட்டுப் பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடிப்பது பல நேரங்களில் பலன் தருகிறது.

சிறிது நேரம் தொடாமல் விட்டால் மட்டும் மவுஸ் தொலைந்துபோகிறது, பிடுங்கிச் செருகினால் திரும்பி வருகிறது என்றால், அது மின்சாரச் சேமிப்பின் வேலையாக இருக்கலாம். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில், சும்மா இருக்கும் கருவியை உறங்க வைக்கும் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை நிறுத்திப் பார்க்கலாம். டிவைஸ் மேனேஜரில், கணினியின் போர்ட்கள் சேரும் உள் ஹப்பான யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், சேமிப்புக்காக இக்கருவியை அணைக்கலாம் என்ற தேர்வையும் எடுத்துவிடலாம். லினக்ஸில் மின்சாரம் சேமிக்க உதவும் பவர்டாப் நிரலின் தானியங்கிச் சீரமைப்பை இயக்கியவர்களுக்கும் இது நேரும், ஏனெனில் அது மவுஸையும் உறங்க வைத்துவிடுகிறது.

மவுஸ் இல்லாமல் இதையெல்லாம் எப்படிச் செய்வது? விண்டோஸ் விசையுடன் எக்ஸ் அழுத்தி, பிறகு எம் அழுத்தினால் டிவைஸ் மேனேஜர் திறக்கும். டேப் விசையும் அம்பு விசைகளும் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், நம் லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், எண் விசைகளைக் கொண்டே அம்பை நகர்த்தும் வசதி கிடைக்கும்; அதில் 5 என்பது கிளிக். டிவைஸ் மேனேஜரில் மவுஸை அன்இன்ஸ்டால் செய்து ஸ்கேன் கொடுத்தால் விண்டோஸ் அதைப் புதிதாகப் பதிவுசெய்துகொள்ளும்; இதைத் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அவசரத்தில் ரூட் ஹப்பையே அன்இன்ஸ்டால் செய்துவிட்டால், அதே ஹப்பில் இருக்கும் கீபோர்டும் சேர்ந்து போய்விடும். டிரைவரைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களின் பக்கம் இதற்காகப் போகவே வேண்டாம்.

கம்பியில்லா மவுஸின் கதை சற்று வேறு. அங்கே கணினி அடையாளம் காண்பது மவுஸை அல்ல, செருகியிருக்கும் சிறிய ரிசீவரை. ரிசீவர் டிவைஸ் மேனேஜரில் ஒழுங்காகத் தெரிந்து அம்பு மட்டும் நகரவில்லை என்றால், பேட்டரியையும் அடிப்பக்க சுவிட்சையும் பார்த்துவிட்டு, ரிசீவரின் பக்கத்தில் என்ன செருகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். யூஎஸ்பி 3.0 கருவிகளும் அவற்றின் கேபிள்களும் எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது என்பதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் ஆவணமாக வெளியிட்டது. கம்பியில்லா மவுஸ்களில் பெரும்பாலானவை பேசுவதும் அதே அலைவரிசையில்தான். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் கோப்புகள் ஏறும் நேரத்தில் மட்டும் அம்பு தத்தித் தத்தி நகர்ந்தால், காரணம் அநேகமாக இதுவே. ரிசீவரைக் கணினியின் மறுபக்க போர்ட்டுக்கு மாற்றினாலோ, ஒரு சிறிய நீட்டிப்புக் கேபிளில் செருகி மவுஸுக்கு அருகே கொண்டுவந்து வைத்தாலோ போதும்.