அச்சுக்குப் போகும் முன் நடக்கும் விசாரணை

பதிப்பகம் ஒன்றில் பல ஆண்டுகள் கைப்பிரதிகளைச் செப்பனிட்டவன் நான். சமய நிந்தனைக்கு எதிரான சட்டங்கள் எங்கே வேலை செய்கின்றன என்று யாராவது கேட்டால் நீதிமன்றத்தைக் காட்ட மாட்டேன். நூல் அச்சுக்குப் போகும் முன் அதைப் படித்துப் பார்க்கும் வழக்கறிஞரின் மேசையைத்தான் காட்டுவேன். சமயத்தையோ புனித நூல்களின் வரலாற்றையோ தொடும் எந்தக் கைப்பிரதியும் அந்த மேசைக்குப் போய், ஓரங்களில் பென்சில் கோடுகளோடு திரும்பி வரும். கோடு விழுந்த வரிக்குச் சான்று உண்டா என்பது அங்கே இரண்டாவது கேள்வி. இதைப் படித்துவிட்டு யார், எந்த ஊரில் புகார் கொடுக்கக்கூடும் என்பதே முதல் கேள்வி.

அந்த வழக்கறிஞரைக் கோழை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சட்டத்தின் அமைப்பே அவரை அப்படிக் கேட்க வைத்தது. வேண்டுமென்றே, தீய எண்ணத்தோடு சமய உணர்வுகளைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவாக நீடிக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. பிடியாணை இல்லாமலே காவல்துறை கைது செய்யலாம். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, நீதிமன்றம் கொடுத்தால்தான் உண்டு. இந்தக் குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற நல்ல காப்பு ஒன்றும் இருக்கிறது. ஆனால் முதல் தகவல் அறிக்கைக்கும் கைதுக்கும் அந்த அனுமதி தேவையில்லை. ஒரே நூலுக்காகப் பல மாநிலங்களில் புகார் பதிவானால், அவற்றை ஒன்றாகச் சேர்க்கவே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டும். குற்றவாளி என்று தீர்ப்பாவதற்கு வெகு முன்பே, வழக்கு நடப்பதே தண்டனையாகிவிடுகிறது.

ஓர் ஆய்வாளர், புனித நூல் ஒன்றின் பழைய படிகளுக்கிடையே உள்ள வேறுபாடுகளை வரிசைப்படுத்தி எழுதிய நூல் எங்களிடம் வந்தது. மரியாதையான நடை, ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் சுவடிச் சான்று இருந்தது. வழக்கறிஞர் அதைப் படித்துவிட்டு, வழக்கு வந்தால் நாம் வெல்வோம், ஆனால் வெல்வதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று சொல்ல முடியாது என்றார். நூலை எழுதிய அம்மையார் கற்பித்தலையும் குடும்பத்தையும் தனியாகச் சுமந்தவர். இரண்டு நாள் யோசித்து, மையமான இயலைத் தாமே எடுத்துவிடச் சொன்னார். நூல் வெளிவந்தது, யாரும் புகார் கொடுக்கவில்லை. தடை செய்யப்பட்ட நூல்களின் எந்தப் பட்டியலிலும் அந்த இயல் இடம்பெறாது. சட்டத்தின் பாதிப்பை வழக்குகளை எண்ணி அளப்பவர்கள் இதைத்தான் காணத் தவறுகிறார்கள்.

இந்தப் பிரிவு பிறந்ததே ஒரு பதிப்பாளரின் வழக்கிலிருந்துதான் என்பதை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது. நபிகளை இழிவுபடுத்தியதாகக் கூறப்பட்ட ஒரு சிறுநூலுக்காகத் தண்டிக்கப்பட்ட ராஜ்பாலை, அன்றைய சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று கூறி லாகூர் உயர் நீதிமன்றம் 1927இல் விடுவித்தது. அதை எதிர்த்து எழுந்த கொந்தளிப்பில் அதே ஆண்டு 295ஏ சேர்க்கப்பட்டது. சட்டம் வந்தும் அவருடைய உயிர் மிஞ்சவில்லை. 1929இல் குத்திக் கொல்லப்பட்டார். அந்தச் சட்ட முன்வரைவை ஆதரித்த ஜின்னாவே, வரலாற்று ஆய்வு செய்பவர்களுக்கும் நேர்மையாகச் சமயத்தை விமர்சிப்பவர்களுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று அவையில் வலியுறுத்தினார். வேண்டுமென்றே, தீய எண்ணத்தோடு செய்யப்பட்டிருந்தால் மட்டுமே குற்றம் என்ற நிபந்தனை இதற்காகவே பிரிவில் இருக்கிறது. 1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரிவைச் செல்லும் என்று ஏற்றதும் அந்த நிபந்தனையைக் காட்டித்தான். தீய எண்ணம் இருந்ததா இல்லையா என்பது விசாரணையின் முடிவில் தெரியும். புகாரோ முதல் நாளிலேயே வந்துவிடுகிறது.

மற்ற மக்களாட்சி நாடுகள் இந்தச் சட்டங்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டு வருகின்றன. இங்கிலாந்து 2008இலும் நார்வே 2015இலும் கனடா 2018இலும் நீக்கின. அயர்லாந்தில் 2018இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் நீக்கத்துக்கு வாக்களித்தனர். ஆனால் 2017இல் நீக்கிய டென்மார்க், குர்ஆன் எரிப்புகளுக்குப் பிறகு 2023இல் புனித நூல்களை இழிவாகக் கையாள்வதைக் குற்றமாக்கியது. ஆகவே இந்தப் பயணம் திரும்பி வராத ஒன்று என்று நம்பியிருக்க முடியாது.

எதை வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு சமயத்தைச் சேர்ந்தவர்கள் எல்லோரும் இயல்பிலேயே குற்றவாளிகள், அவர்களோடு வணிகம் செய்யக் கூடாது என்று எழுதிய கைப்பிரதி ஒன்றை நாங்கள் மறுத்தோம். இன்று வந்தாலும் மறுப்பேன். அது எந்த நம்பிக்கையையும் விமர்சிக்கவில்லை; மனிதர்களை வேட்டைக்கு அடையாளம் காட்டியது. நம்பிக்கை விவாதத்துக்கு உரியது; நம்புகிறவர் பாதுகாப்புக்கு உரியவர். ஐ.நா. மனித உரிமைக் குழு 2011இல் வெளியிட்ட 34ஆம் பொதுக் கருத்துரையும், வெறுப்பைத் தூண்டி வன்முறைக்கோ பாகுபாட்டுக்கோ அழைப்பதைத் தவிர, சமய நிந்தனையைத் தடைசெய்வது குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கைக்கு ஒவ்வாதது என்றே கூறுகிறது.

கலவரம் வெடிக்கும் என்பதால் சட்டம் வேண்டும் என்பார்கள். எதிர்ப்பு எழும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை அடக்கக் கூடாது, அதைப் பாதுகாப்பது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989இல் எஸ். ரங்கராஜன் வழக்கிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்தப் பிரிவை முழுவதுமாக நீக்க அரசியல் துணிவு பிறக்கும்வரை, குறைந்தது ஒன்றைச் செய்யலாம்: நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்பதற்கு இன்று கேட்கப்படும் முன் அனுமதியை, முதல் தகவல் அறிக்கை பதிவாவதற்கு முன்பே கேட்க வேண்டும், அந்த அனுமதியைத் தருபவர் நூலை முழுதாகப் படித்து, தீய எண்ணம் எங்கே இருக்கிறது என்று எழுத்தில் காட்ட வேண்டும். அப்படி ஒரு விதி இருந்திருந்தால், அந்த ஆய்வாளரின் இயலை எடுக்க வேண்டிய தேவையே வந்திருக்காது.