டிக்கியையே பெட்டியாக்குதல்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் ஆடியோ பொருத்தும் கடை ஒன்றில், என் பன்னிரண்டு அங்குல சப்வூஃபரை, அதாவது ஆழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கரை, மரப்பெட்டி இல்லாமல் பொருத்தித் தர முடியுமா என்று கேட்டபோது, கடைக்காரர் என்னைச் சற்று இரக்கத்தோடு பார்த்தார். "பெட்டி இல்லாம சவுண்டே வராது சார், காசுதான் வேஸ்ட்" என்றார். அவர் சொன்னது பாதி சரி. சப்வூஃபரை எடுத்து டிக்கிக்குள் அப்படியே கிடத்தி ஒயரைக் கொடுத்தால் கூம்பு முன்னும் பின்னும் துடிப்பதைக் கண்ணால் பார்க்கலாமே தவிர, காதுக்கு ஒன்றும் வந்து சேராது. ஆனால் அதற்குக் காரணம் பெட்டி இல்லாதது அன்று. கூம்பின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே தடுப்பு இல்லாததுதான்.

கூம்பு முன்னே நகரும்போது எதிரே உள்ள காற்றை அழுத்துகிறது. அதே நொடியில் பின்னே உள்ள காற்று தளர்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்குப் பன்னிரண்டு அங்குல விளிம்பைச் சுற்றி வருவது ஒரு வேலையே இல்லை என்பதால், முன்னால் அழுந்திய காற்று பின்னால் தளர்ந்த இடத்துக்கு ஓடிப்போய்க் கணக்கைத் தீர்த்துவிடுகிறது. இந்த ஓட்டத்தை மறிக்க ஒரு சுவர் போதும். டிக்கி தனியாகப் பிரிந்திருக்கும் செடான் காரில், பின் இருக்கையின் முதுகும், அதன் மேல் பின் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் பார்சல் ட்ரே என்ற தட்டும் சேர்ந்து அந்தச் சுவருக்குப் பாதி வேலையை ஏற்கெனவே செய்து வைத்திருக்கின்றன. பார்சல் ட்ரேயில் இரண்டு நீள்வட்ட ஸ்பீக்கர்களைப் பொருத்தியவர்கள் எல்லாரும், பெயர் தெரியாமலேயே இதைத்தான் செய்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு இன்ஃபினிட் பேஃபிள் என்று பெயர். முடிவில்லாத பலகை என்று வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியை ஏன் தவிர்த்தேன் என்பதைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். எட்கர் வில்ச்சர் 1954இல் கொண்டுவந்த மூடிய பெட்டி முறையில், உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. பெட்டி சிறுத்தால் ஸ்பிரிங் விறைக்கும். விறைத்தால் ஸ்பீக்கரின் இயல்பான அதிர்வெண் மேலே ஏறும்; அதற்குக் கீழே உள்ள ஆழ்ந்த ஒலி மெலியும். என் சப்வூஃபரின் இயல்பு அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ். கூம்பைத் தாங்கிப் பிடிக்கும் பாகங்களின் நெகிழ்வுக்கு ஈடான காற்றின் அளவு, அதாவது தாளில் வி.ஏ.எஸ். என்று போட்டிருப்பது, 80 லிட்டர். இதைக் கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஒரு கன அடிப் பெட்டியில், அதாவது 28 லிட்டரில், அடைத்தால் அதிர்வெண் 59 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். ஐந்நூறு லிட்டர் டிக்கியை அதன் பின்புறம் விட்டால் 32 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. மாருதி சியாஸ் 510, ஐந்தாம் தலைமுறை ஹோண்டா சிட்டி 506 என்று செடான்கள் இந்த அளவை இலவசமாகவே தருகின்றன. ஹாட்ச்பேக் வைத்திருப்பவர்கள் இதை முயல வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே டிக்கியை மூடியிருப்பது கயிற்றில் தொங்கும் ஓர் அட்டைதான். டிக்கியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் சி.என்.ஜி. சிலிண்டர் ஏறிய செடானுக்கும் யோசித்துத்தான் இறங்க வேண்டும்.

எல்லா சப்வூஃபரும் இதற்கு ஒத்துவராது. ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும் வகுத்த அளவைகளில் கியூ.டி.எஸ். என்பது கூம்பு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதைக் காட்டும். சுமார் 0.6 முதல் 0.8 வரை உள்ளவை இந்த முறைக்கு ஏற்றவை. 0.4க்கும் கீழே உள்ளவை துளையிட்ட பெட்டியை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை; அவற்றை டிக்கிச் சுவரில் மாட்டினால் ஒலி மெலிந்து கேட்கும். என்னுடையது 0.6. வாங்கும்போது வாட்டைப் பார்ப்பதற்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள்.

இனி மரவேலை. உண்மையில் இது எலக்ட்ரீஷியன் வேலையைவிடத் தச்சரின் வேலை. மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை கடலோர ஈரத்தில் உப்பிவிடும் என்று சொல்லி, எங்கள் தெருத் தச்சர் முக்கால் அங்குல மெரைன் ப்ளைவுட்டைத்தான் எடுக்கச் சொன்னார். பின் இருக்கையின் முதுகைக் கழற்றி, பின்னாலிருக்கும் தகட்டின் திறப்புக்கு முதலில் அட்டையில் ஒரு மாதிரி வெட்டிக்கொண்டோம். அட்டை சரியாக உட்காரும் வரை மூன்று முறை வெட்டினோம். பிறகு பலகையில் 28 சென்டிமீட்டர் விட்டத்துக்கு வட்டம் போட்டு ஜிக்சாவால் அறுத்தோம். காரின் தகட்டை மட்டும் எங்கும் வெட்டவில்லை. அது வண்டியின் முறுக்கைத் தாங்கும் பாகம். சீட் பெல்ட்டின் பிடிமானமும் அதை ஒட்டித்தான் வருகிறது. இருக்கைக்கு அடியில் பெட்ரோல் டேங்க் இருப்பதால் கீழ்நோக்கி ஒரு திருகுகூடப் போடக்கூடாது.

பலகையை முடுக்கிப் பாட்டைப் போட்டபோது ஏமாற்றமாக இருந்தது. அதிர்வு இருந்தது, கனம் இல்லை. கடைக்காரரின் முகம் நினைவுக்கு வந்தது. அன்று மாலை ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, 30 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாக ஓடவிட்டு, இருக்கையின் ஓரங்களில் பத்தியை நகர்த்திப் பார்த்தேன். பெரும்பாலான இடங்களில் புகை நேராக ஏறியது. வலப்புற மூலையிலும் பார்சல் ட்ரேயின் அடியிலும் அது நூல் பிரிவதுபோல் நடுங்கிச் சிதறியது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால், ஒயர்கள் போகும் துளைகளும் தகட்டில் கம்பெனியே விட்டிருந்த வட்டத் திறப்புகளும் அப்படியே திறந்து கிடந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பியூட்டைல் என்ற ஒட்டும் ரப்பர் ஷீட்டும் ஃபோம் டேப்புமாகக் கழிந்தது. கடைசித் துளையை அடைத்துவிட்டுப் போட்டபோது, அதே பாட்டு, அதே வால்யூம், முதுகில் வந்து உட்கார்ந்தது.

அடைப்பதிலும் ஓர் எல்லை உண்டு. செடான்களில் காருக்குள் வரும் காற்று டிக்கி வழியாகப் போய், பின் பம்பருக்கு உள்ளே மறைந்திருக்கும் ரப்பர் மடல்கள் வழியாக வெளியேறுவது வழக்கம். நான் எல்லாவற்றையும் அடைத்த பிறகு கதவைச் சாத்தினால் காது லேசாக அடைத்தது. கதவும் இரண்டாவது முறை அறைந்தால்தான் மூடியது. அந்த ரப்பர் மடல்களை நான் தொடவில்லை. ஆனால் அவற்றுக்குப் போகும் வழியை மூடியிருந்தேன். பார்சல் ட்ரேயின் ஒரு மூலையில், ஃபோம் அடைத்த நீளமான வளைவுக் குழாய் ஒன்றை வைத்த பிறகு கதவு சரியாயிற்று. ஒலியில் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

மின்வேலை வழக்கமானதுதான். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ், தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம், பெயின்ட்டைச் சுரண்டிய இடத்தில் எர்த். கவனிக்க வேண்டியது ஆம்ப்ளிஃபயர் அமைப்புதான். பெட்டிக் காற்றின் ஸ்பிரிங் இங்கே இல்லாததால், கூம்பை இழுத்துப் பிடிப்பவை அதன் பின்னால் இருக்கும் ஸ்பைடர் என்ற மடிப்பு வளையமும் விளிம்பு ரப்பரும் மட்டுமே. அதிர்வெண் பாதியானால், அதே ஒலி அளவுக்குக் கூம்பு நான்கு மடங்கு நகர வேண்டும். ஆகவே 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஃபில்டரைப் போட்டே ஆக வேண்டும். தாளில் 300 வாட் என்றிருந்தாலும் நான் அதில் பாதிக்கு மேல் கொடுப்பதில்லை. சிக்னலில் பக்கத்து ஆட்டோவின் கண்ணாடி அதிர வேண்டும் என்று விரும்புகிறவர்கள் பெட்டியே வாங்கிக்கொள்ளலாம். எனக்கு வேண்டியிருந்தது மிருதங்கத்தின் தொப்பி. ரவைப் பசை அப்பிய அந்த இடப்பக்கம், கும்கி என்ற இழுத்து வாசிக்கும் அடியில் வழுக்கி ஏறி அடங்குவது, பழைய ஸ்பீக்கர்களில் ஒரே 'தும்' ஆகத்தான் கேட்டது. இப்போது அந்த வழுக்கல் முழுதாகக் கேட்கிறது.

டிக்கியில் சாமான் ஏற்றலாமா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். தாராளமாக ஏற்றலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போய் இரண்டு அரிசிச் சிப்பங்களோடு திரும்பினோம். அறுபது லிட்டர் இடம் போனாலும் அதிர்வெண் அரை ஹெர்ட்ஸ்கூட மாறாது. ஆனால் அந்தச் சிப்பங்களுக்கு மேல் மாமா அன்போடு ஏற்றிவிட்ட வாழைத்தாரின் காம்பு, திண்டிவனம் தாண்டி ஒரு வேகத்தடையில் ஸ்பீக்கரின் இரும்புக் கால்களுக்கு நடுவே நுழைந்து, காகிதக் கூம்பின் முதுகை நகம் அளவுக்குக் கிழித்துவிட்டது. டிஷ்யூ காகிதத்தை ஃபெவிக்காலில் நனைத்து ஒட்டினேன். காய்ந்த பிறகு ஒலியில் குறை தெரியவில்லை. இப்போது அதன் பின்னால் ஒரு கம்பி வலை இருக்கிறது. அடிக்கும் வெயிலுக்கு ஒட்டு எத்தனை மாதம் தாங்குகிறது என்று வாரத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்கிறேன்.