மகளின் எமான்சிபேஷன்: கலிபோர்னியா கோர்ட்டில் நாங்கள் பட்ட பாடு

18 வயது ஆகும் முன்பே பிள்ளையைப் பெற்றோர் பொறுப்பிலிருந்து விடுவித்து, தன் விஷயங்களைத் தானே முடிவு செய்யச் சட்டப்படி விடுவதுதான் எமான்சிபேஷன். அதற்கான கோர்ட் ஆர்டர் கைக்கு வந்தாகிவிட்டது. கோர்ட் கவுன்ட்டரில் இருந்த அந்தப் பெண்மணி மேல் உள்ள கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

மாமனாருக்குப் பக்கவாதம் வந்ததால் கணவர் முன்பே கோவை போய்விட்டார். பிறகு என் வேலையும் போனது. நோட்டீஸ் காலம் முடிந்தால் எச்1பி வேலை விசாவுக்கு 60 நாள் கெடு, அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். மகள் இங்கே பிறந்தவள், 16 வயது. பள்ளியை இங்கேயே முடிக்கிறேன் என்று உறுதியாக நின்றாள். ரொம்ப யோசித்துத்தான் நாங்களும் ஒத்துக்கொண்டோம். தோழியின் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பபுள் டீ கடையில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள்.

14 வயது ஆகியிருக்க வேண்டும், பெற்றோருக்குத் தெரிந்து தனியே வசிக்க வேண்டும், வரவு செலவைத் தானே பார்க்க வேண்டும், வருமானம் நேர்வழியில் வர வேண்டும். மனுவில் காட்டச் சொல்லிச் சட்டம் கேட்பது இவைதான். இஎம்-100 மனு, இஎம்-115 வரவு செலவுப் படிவம் இரண்டையும் மகளே ஒரு சாயங்காலத்தில் நிரப்பிவிட்டாள்.

கவுன்ட்டரில்தான் ஆரம்பித்தது வினை. அப்பா இந்தியாவில் இருக்கிறார் என்றதும், அவர் கையெழுத்தை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நோட்டரி செய்து கொண்டுவா என்று காகிதத்தைத் திருப்பித் தள்ளினார் அந்தப் பெண்மணி. படுத்த படுக்கையாக இருக்கும் மாமனாரைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, கணவர் ராத்திரி ரயில் ஏறிச் சென்னை போனார். முத்திரை ஒன்றுக்கு 50 டாலர். அது கூரியரில் வந்து சேர்வதற்குள் என் கெடுவில் ஒரு பகுதி கரைந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு போனால், அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த இலவச உதவி மையத்தில் ஒரு பெரியவர் சிரிக்கிறார். மனுவிலேயே பெற்றோர் சம்மதத்துக்கு இடம் இருக்கிறதே, அதில் கையெழுத்துப் போட்டால் போதுமே என்றார். கவுன்ட்டரில் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். சட்ட ஆலோசனை சொல்ல அவர்களுக்கு அனுமதியே கிடையாது. முதலில் அந்த உதவி மையத்துக்குப் போங்கள்.

இன்னொரு விஷயத்திலும் அந்தப் பெரியவர்தான் காப்பாற்றினார். ‘மாதாமாதம் நாங்கள் பணம் அனுப்புவோம் என்று எழுதிக் கொடுங்கள், ஜட்ஜ் மனம் இளகும்’ என்று நண்பர் ஒருவர் சொல்லி வைத்திருந்தார். அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் பெரியவர் எடுத்து ஓரம் வைத்துவிட்டார். அம்மா அப்பா பணத்தில் வாழ்கிற பிள்ளை எப்படித் தன் காலில் நிற்கிறது என்றுதான் முதல் கேள்வி வரும். நம் ஊர்ப் பாசம் அங்கே எதிர்க்கட்சி சாட்சி.

வங்கிக் கணக்கு அடுத்த தலைவலி. வயது வராத பிள்ளைக்குத் தனிக் கணக்கு தர வங்கி மறுத்ததால், அவள் கணக்கில் என் பெயரும் இருந்தது. தனியே பணம் பார்ப்பதாகக் காட்டினால்தான் ஆர்டர், ஆர்டர் இருந்தால்தான் தனிக் கணக்கு! சம்பளச் சீட்டுகளை ஸ்டேட்மென்ட்டோடு ஒட்டி, உள்ளே வந்த ஒவ்வொரு டாலரும் அவள் சம்பளம்தான் என்று மகள் மார்க்கர் பேனாவால் கோடு போட்டாள். வாடகை ரசீது வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ‘ரசீதெல்லாம் வேண்டாங்க, நாளைக்கு வரி அது இதுன்னு வரும்’ என்று தோழியின் அம்மா நழுவிக்கொண்டே இருந்தார். முதல் மாதத்திலிருந்தே கேட்டு வாங்கிவிடுங்கள்.

மனுக் கட்டணம் 400 டாலருக்கு மேல். அதைத் தள்ளுபடி செய்ய எஃப்டபிள்யூ-001 படிவம் உண்டு. மகளின் வருமானத்துக்கு அது கிடைத்துவிட்டது.

மனு போட்ட 30 நாளுக்குள் ஜட்ஜ் அனுமதிக்கலாம், தள்ளலாம், விசாரணை வைக்கலாம். எங்களுக்கு விசாரணை. பள்ளி நாளில் 4 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கச் சட்டம் விடாதே, வேலை போனால் வாடகைக்கு என்ன செய்வாய் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன், காவலர் கையைக் காட்டி அமர்த்தினார். மகள் நிதானமாக, இரண்டு மாத வாடகை சேமிப்பில் இருக்கிறது என்று அந்தக் கோடு போட்ட தாளை நீட்டினாள். ஃபோன் பில் யார் கட்டுவது என்றார். ஃபேமிலி பிளானிலிருந்து போன வாரமே விலகிவிட்டாளாம். எனக்கே தெரியாது!

மாமியாருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ‘புள்ளையக் கோர்ட்டுல எழுதிக் குடுத்துட்டியா கண்ணு?’ என்று ஃபோனில் ஒரே அழுகை. ஓட்டுப் போட 18, மது தொட 21, பள்ளிக்குக் கட்டாயம் போக வேண்டும், இதில் எதுவும் மாறாது. டாக்டரிடம் கையெழுத்து, வாடகை ஒப்பந்தம், கல்லூரி நிதியுதவிக்கு எங்கள் வருமானம் காட்டாமல் விண்ணப்பிப்பது, இதற்கெல்லாம்தான் அந்தக் காகிதம்.

உங்கள் பிள்ளை அத்தை, சித்தி, தாத்தா பாட்டி வீட்டில் தங்கப்போகிறதென்றால் இந்தப் பாடே வேண்டாம். ‘கேர்கிவர் அஃபிடவிட்’ என்று ஒரு படிவம் உண்டு. பள்ளிச் சேர்க்கைக்கும் மருத்துவத்துக்கும் அதுவே போதும், கோர்ட் வாசலே மிதிக்க வேண்டாம்.

ஆர்டரின் முத்திரை வைத்த பிரதிகளைக் கூடுதலாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் உரிமம் தரும் டிஎம்வி அலுவலகம் கேட்டது, பல் டாக்டர் கேட்டார். வங்கியில் ஆர்டரைக் காட்டிய பிறகும் ‘18 ஆகட்டும்’ என்றார்கள். மகள் மேனேஜரைக் கூப்பிட்டு, அவர்களின் சட்டப் பிரிவுக்கு ஆர்டரை அனுப்பச் சொன்னாள். நான் ஊருக்கு வந்து சேர்ந்த பிறகுதான் கணக்கிலிருந்து என் பெயரை எடுத்தார்கள்.