தனியார் பல்கலைக்கழகத்தில் பணம் கட்டும் முன்: சேர்க்கைப் புள்ளிவிவரங்களைப் படிப்பது எப்படி?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் தனியார் பல்கலைக்கழக விளம்பரங்களில் மூன்று எண்கள்தான் பெரிதாகக் கண்ணில் படும். நுழைவுத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை லட்சம், வேலை கிடைத்தவர்கள் எத்தனை சதவீதம், அதிகபட்சச் சம்பளம் எவ்வளவு. சீட் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய இந்த மூன்றுமே உதவாது. உதவக்கூடிய எண்கள், அதே பல்கலைக்கழகம் தானே நிரப்பி மத்திய அரசுக்கு அனுப்பிய ஒரு பி.டி.எஃப் கோப்பில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அதைத் திறந்து பார்க்கும் பெற்றோர் மிகக் குறைவு.

மத்திய கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப் தரவரிசைக்காகக் கொடுக்கப்படும் கோப்பு அது. 2016 முதல் இந்தத் தரவரிசை வெளியாகிறது. எல்லோரும் ரேங்க்கைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ரேங்க்கை விட அதன் பின்னால் இருக்கும் தரவுதான் நமக்கு வேண்டும். என்.ஐ.ஆர்.எஃப் தளத்தில் பொறியியல் பட்டியலைத் திறந்தால், கல்லூரிப் பெயருக்குப் பக்கத்திலேயே அந்தக் கோப்புக்கான இணைப்பு இருக்கும். பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்திலும் 'என்.ஐ.ஆர்.எஃப்' என்ற பெயரில், பெரும்பாலும் பக்கத்தின் அடிப்பகுதியில், இதைப் போட்டிருப்பார்கள். பட்டியலில் முன்னணியில் வராத நிறுவனங்களின் கோப்பு அங்கேதான் கிடைக்கும். 'ஓவர்ஆல்', 'யுனிவர்சிட்டி', 'இன்ஜினியரிங்' என்று ஒரே நிறுவனம் தனித்தனிக் கோப்புகள் கொடுத்திருந்தால், பி.டெக் சேர நினைப்பவர்கள் இன்ஜினியரிங் கோப்பை மட்டும் எடுக்கவும். மற்றவற்றில் கலை, மேலாண்மை, மருத்துவம் எல்லாம் கலந்துவிடும்.

கோப்பில் முதலில் வருவது அனுமதிக்கப்பட்ட இடங்களின் அட்டவணை. நான்கு வருட இளநிலைப் படிப்புக்கு ஒவ்வொரு கல்வியாண்டிலும் எத்தனை இடம் என்று இருக்கும். அடுத்தது இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களின் எண்ணிக்கை: ஆண், பெண், மாநிலத்துக்குள், வெளி மாநிலம், வெளிநாடு என்று பிரித்திருப்பார்கள். மூன்றாவது வேலைவாய்ப்பும் மேற்படிப்பும். இந்த மூன்று அட்டவணைகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது.

மூன்றாவது அட்டவணையின் அருமை என்னவென்றால், ஒரு வரி என்பது ஒரு பேட்ச். அந்த பேட்ச் உள்ளே நுழைந்தது முதல் வெளியே போனது வரை இடமிருந்து வலமாகப் படிக்கலாம். முதலாமாண்டுக்கு இருந்த இடங்கள், சேர்ந்தவர்கள், இரண்டாம் ஆண்டில் டிப்ளமோ முடித்து நேரடியாகச் சேர்ந்தவர்கள் (லேட்டரல் என்ட்ரி), நான்கு வருடத்தில் தேர்ச்சி பெற்று வெளியேறியவர்கள், வேலை கிடைத்தவர்கள், இடைநிலைச் சம்பளம், மேற்படிப்புக்குப் போனவர்கள்.

கற்பனையாக ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். இடங்கள் 2,400. சேர்ந்தவர்கள் 2,310. லேட்டரல் 90. உரிய காலத்தில் முடித்தவர்கள் 1,980. வேலை 1,420. இடைநிலைச் சம்பளம் 6 லட்சம். மேற்படிப்பு 210.

சேர்ந்தவர்களை இடங்களால் வகுத்தால் 96.25%. சீட் நிரம்பும் கல்லூரி. அடுத்து, உள்ளே வந்தவர்கள் மொத்தம் 2,400 பேர் (2,310 + 90). அதில் 1,980 பேர் நான்கு வருடத்தில் முடித்திருக்கிறார்கள், 82.5%. அதாவது 420 பேர் அரியரில் நிற்கிறார்கள், அல்லது பாதியில் போய்விட்டார்கள். வேலை கிடைத்த 1,420 பேரை, முடித்தவர்களால் வகுத்தால் 71.7%. உள்ளே வந்த 2,400 பேரால் வகுத்தால் 59.2%. ஒரே கல்லூரி, ஒரே பேட்ச், ஆனால் பன்னிரண்டு புள்ளிக்கும் மேல் வித்தியாசம். முடித்தவர்களில் வேலைக்கும் போகாமல் மேற்படிப்புக்கும் போகாமல் இருப்பவர்கள் 350 பேர்.

முதலாமாண்டில் பணம் கட்டப்போகும் உங்களுக்கு உரிய சதவீதம் 59.2 தான். ஏனென்றால் நீங்கள் 'முடித்தவர்' வரிசையில் இன்னும் சேரவில்லை. விளம்பரத்தில் வரும் 95% எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வகுக்கும் எண்ணைச் சுருக்கியதால். அரியர் இல்லாமல், குறிப்பிட்ட சி.ஜி.பி.ஏ-வுக்கு மேல் வைத்து, வேலைவாய்ப்புப் பிரிவில் பதிவும் செய்தவர்களை மட்டும் 'தகுதியுள்ளவர்கள்' என்று கணக்கில் எடுப்பார்கள். சில இடங்களில் ஆட்களை எண்ணாமல் ஆஃபர்களை எண்ணுவார்கள். ஒரே மாணவர் மூன்று ஆஃபர் வாங்கினால் மூன்று.

உரிய காலத்தில் முடித்தவர்களின் விகிதம் குறைவாக இருந்தால் உடனே மோசமான கல்லூரி என்று எழுதிவிட வேண்டாம். தேர்வை உண்மையாகவே கண்டிப்பாக நடத்தும் இடத்திலும் அது இறங்கும். ஆனால் காரணம் எதுவானாலும் கூடுதல் செமஸ்டருக்கான பணம் உங்கள் வீட்டிலிருந்துதான் போகும். கடன் வாங்கிப் படிக்கிற வீட்டுக்கு இது பெரிய எண்.

இடைநிலைச் சம்பளம் என்பது வேலை கிடைத்தவர்களை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம். சராசரியை விட நேர்மையானது. 50 லட்சம் வாங்கிய ஒருவரால் இது ஏறாது. ஆனால் வேலை கிடைக்காதவர்கள் இந்த வரிசையில் இல்லவே இல்லை. முடித்த 2,000 பேரில் 500 பேருக்கு மட்டும் வேலை கிடைத்து இடைநிலை 9 லட்சம் என்றால், அது 1,500 பேருக்கு வேலை கிடைத்து 6 லட்சம் என்பதை விடத் தாழ்ந்த நிலைதான். அதோடு இது சி.எஸ்.இ (கணினி அறிவியல்) முதல் சிவில் வரை எல்லாப் பிரிவுக்கும் சேர்த்து ஒரே எண். பிரிவு வாரியாகக் கோப்பில் கிடைக்காது, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இந்த அட்டவணையில் அடுத்தடுத்த மூன்று பேட்ச்சுக்கு மூன்று வரிகள் இருக்கும். அவற்றை மேலும் கீழுமாகப் பாருங்கள். வேலை கிடைத்தவர்கள் குறைந்த ஆண்டில் மேற்படிப்பு எண்ணிக்கை திடீரென்று எகிறுகிறதா? வேலையும் மேற்படிப்பும் கூட்டினால் ஒவ்வொரு ஆண்டும் முடித்தவர்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூடப் பிசகாமல் பொருந்துகிறதா? ஆயிரம், இரண்டாயிரம் பேர் கொண்ட ஒரு பேட்ச்சில் யு.பி.எஸ்.சி-க்குப் படிப்பவர், அப்பா கடையைப் பார்த்துக்கொள்பவர், கல்யாணமாகிப் போனவர், சும்மா இருப்பவர் என்று கொஞ்சம் பேராவது இருக்கத்தான் செய்வார்கள். மிச்சம் பூஜ்யம் என்று வரும் கோப்பை நான் நம்ப மாட்டேன்.

இந்தத் தரவெல்லாம் நிறுவனங்களே கொடுப்பது என்பதையும் மறக்கக் கூடாது. சரிபார்க்காமல் ஏற்கப்படுகிறது என்று தொடரப்பட்ட பொதுநல வழக்கில், 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தரவரிசை வெளியீட்டுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த ஆண்டின் பட்டியல் பிறகு செப்டம்பர் 4 அன்று வெளியானது. அப்படியானால் ஏன் இதைப் படிக்க வேண்டும்? விளம்பரத்தில் ஒரு வருடத்து எண்ணை மட்டும் அழகாகக் காட்டலாம். இங்கே ஐந்தாறு வருடத்து எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். பொய் சொன்னால் எங்காவது கணக்கு உதைக்கும்.

அந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். கடைசி நான்கு ஆண்டுகளின் இடங்களைக் கூட்டுங்கள். 2,400 + 2,400 + 3,000 + 3,600 = 11,400 என்று வைத்துக்கொள்வோம். மாணவர் எண்ணிக்கை அட்டவணையில் 10,900 இருந்தால் 95.6%, இயல்பு. 8,000 தான் இருந்தால், சீட்டுகள் காலியாக இருக்கின்றன அல்லது நிறையப் பேர் பாதியில் போகிறார்கள். 11,400-ஐக் கொஞ்சம் தாண்டினாலும் பரவாயில்லை. லேட்டரல் என்ட்ரியும் வெளிநாட்டு மாணவர்களுக்கான கூடுதல் இடங்களும் அதில் சேரும். ரொம்பவே தாண்டினால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அது.

மேலே உள்ள கூட்டலில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது, எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். இடங்கள் 2,400-லிருந்து 3,600 ஆகியிருக்கின்றன. கோப்பில் நீங்கள் பார்க்கும் வேலைவாய்ப்பு எண்கள் 2,400 பேர் சேர்ந்த காலத்து பேட்ச்சுடையவை. 2024 தரவரிசையில் கடைசியாக உள்ள பேட்ச் 2019-20-இல் சேர்ந்து 2022-23-இல் வெளியேறியது. 2024-இல் சேர்ந்தவர் வெளியே வருவது 2028-இல். நடுவில் எத்தனையோ நடந்திருக்கும். 2024-25 முதல், நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு இடங்களின் உச்சவரம்பையே, தொழில்நுட்பக் கல்விக்கு அனுமதி தரும் ஏ.ஐ.சி.டி.இ எடுத்துவிட்டது. அதன் பிறகு பல இடங்களில் கணினி சார்ந்த பிரிவுகள் வீங்கிவிட்டன. வளாகத்துக்கு வரும் கம்பெனிகள் அதே வேகத்தில் கூடாது. ஆகவே பழைய பேட்ச்சின் சதவீதத்தைப் பார்க்கும்போது, 'அன்று எத்தனை பேர், இன்று எத்தனை பேர்' என்ற கேள்வியைக் கூடவே கேளுங்கள். வேலை கிடைத்தவர்களின் எண்ணிக்கையைச் சதவீதமாக இல்லாமல் தலைக்கணக்காகப் பார்த்து, உங்கள் பேட்ச்சின் அளவால் வகுத்துப் பாருங்கள். 1,420-ஐ 3,600-ஆல் வகுத்தால் 39.4%. நடப்பு அப்படியே இருக்காது, ஆனால் மோசமான பக்கத்தில் எது எல்லை என்று தெரியும்.

பிரிவு வாரியான இடங்கள் வேண்டுமென்றால் ஏ.ஐ.சி.டி.இ தரும் அனுமதி நீட்டிப்புக் கடிதத்தைத் தேடுங்கள். அந்த அனுமதி வாங்கிய நிறுவனங்கள் இதையும் தளத்தில் போட்டிருக்கும். அதில் சி.எஸ்.இ, சி.எஸ்.இ-ஏ.ஐ, டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி, ஐ.டி எல்லாம் தனித்தனி வரிகளாக இருக்கும். வேலைவாய்ப்பில் இவை எல்லாம் ஒரே குளம்தான், கூட்டிப் பாருங்கள். மொத்தத்தை 60-ஆல் வகுத்தால் எத்தனை செக்‌ஷன் என்று தெரிந்துவிடும். பிறகு துறையின் ஆசிரியர் பட்டியலை எண்ணுங்கள். இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது ஏ.ஐ.சி.டி.இ-யின் அளவு. புதிதாகத் தொடங்கிய பிரிவில் முதல் பேட்ச் இன்னும் வெளியே வந்திருக்காது. அங்கே காட்டப்படும் வேலைவாய்ப்பு எண் பழைய சி.எஸ்.இ-யுடையது.

வளாகக் குழப்பம் தனி. வி.ஐ.டி-க்கு வேலூரும் சென்னையும் ஒரே நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. அமராவதியிலும் போபாலிலும் இருப்பவை அந்தந்த மாநிலச் சட்டத்தின் கீழ் தனிப் பல்கலைக்கழகங்கள். எஸ்.ஆர்.எம், அமிர்தா, சாஸ்த்ரா எல்லாவற்றுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வளாகங்கள் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் தாய் வளாகத்தின் எண்ணைக் கிளை வளாகத்துக்குப் பொருத்திவிடக் கூடாது. உங்களுக்கு அலாட் ஆன வளாகத்துக்கான எண்ணைத் தனியாகக் கேளுங்கள்.

கட்டணச் சலுகை பற்றி விளம்பரத்தில் கோடிக்கணக்கில் வரும். மாணவர் எண்ணிக்கை அட்டவணையின் வலது பக்கத்தில், முழுக் கல்விக் கட்டணத்தையும் அரசிடமிருந்து பெறுபவர்கள், நிறுவனத்தின் சொந்த நிதியிலிருந்து பெறுபவர்கள், தனியார் அமைப்புகளிடமிருந்து பெறுபவர்கள், பெறாதவர்கள் என நான்கு பத்திகள் உண்டு. இரண்டாவது பத்தியை மொத்த மாணவர்களால் வகுத்தால் உண்மை நிலவரம் தெரியும். 25%, 50% தள்ளுபடி வாங்குபவர்கள் இதில் வர மாட்டார்கள், அதையும் நினைவில் வையுங்கள். அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சிலிங்கில் கிடைக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகையை நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எதிர்பார்க்க முடியாது. அங்கே 69% இடஒதுக்கீடும் பின்பற்றப்படுவதில்லை.

நுழைவுத் தேர்வு விஷயத்துக்குச் சுருக்கமாக வருவோம். 'லட்சம் பேர் எழுதினார்கள்' என்பதில் போட்டி எவ்வளவு என்று தெரியாது. ஒரே மாணவர் நான்கைந்து தேர்வுகள் எழுதுகிறார். பார்க்க வேண்டியது சீட் கிடைத்தவர்களில் கடைசி ரேங்க், அதுவும் கட்டணப் பிரிவோடு சேர்த்து. வி.ஐ.டி-யில் ஒரே பாடப்பிரிவுக்கு ஐந்து கட்டணப் பிரிவுகள் உண்டு. முதல் பிரிவில் நல்ல ரேங்க்குக்குக் குறைந்த கட்டணம். கீழே போகப் போகக் கூடும். 'இந்த ரேங்க்குக்கு சி.எஸ்.இ கிடைத்தது' என்று யாராவது சொன்னால், எந்தக் கட்டணப் பிரிவில், எந்தச் சுற்றில், எந்த வளாகத்தில் என்று மூன்றையும் கேட்காமல் அந்தத் தகவலை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஜூனில் 'எல்லா சீட்டும் ஃபுல்' என்று சொல்லப்படுவதற்கும் செப்டம்பரில் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இடையே எப்போதும் இடைவெளி உண்டு. ஐ.ஐ.டி, என்.ஐ.டி சீட்டுகளுக்கான ஜோசா கவுன்சிலிங், நீட் கவுன்சிலிங், அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சிலிங் ஒவ்வொன்றும் முடிய முடிய ஆட்கள் கழன்றுகொள்வார்கள். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பும் வழக்கமாகச் செப்டம்பர் 30 நிலவரத்தைத்தான் கேட்கிறது. எனவே யாராவது 'சேர்க்கை எண்ணிக்கை' சொன்னால், எந்தத் தேதியில் என்று கேளுங்கள். 'இன்று கட்டாவிட்டால் சீட் போய்விடும்' என்ற போன் அழைப்பையும் இந்த வெளிச்சத்தில் பாருங்கள்.

அவசரத்தில் கட்டிவிட்டால்? 2024-25 கல்வியாண்டுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி) வைத்த விதிப்படி, செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுக் கட்டணமும், அக்டோபர் 31-க்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியும் திருப்பித் தர வேண்டும். நீங்கள் சேரும் ஆண்டின் சுற்றறிக்கையை யு.ஜி.சி தளத்தில் எடுத்துத் தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள், அசல் சான்றிதழ்களைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள், பணம் கட்டிய ரசீதில் கல்விக் கட்டணம், விடுதி, உணவு தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். திரும்ப வரும்போது தகராறு வருவது பெரும்பாலும் விடுதிப் பணத்தில்தான்.

கட்டும் முன் அட்மிஷன் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: கேட்கும் பிரிவில், கேட்கும் வளாகத்தில், கடைசியாக வெளியேறிய பேட்ச்சில் சேர்ந்தவர்கள் எத்தனை, நான்கு வருடத்தில் முடித்தவர்கள் எத்தனை, வேலை கிடைத்த ஆட்கள் (ஆஃபர்கள் அல்ல) எத்தனை, இந்த ஆண்டு அதே பிரிவில் எத்தனை இடங்கள். போனில் கேட்டால் கவுன்சிலர் வாய்க்கு வந்ததைச் சொல்லுவார். எழுத்தில் கேட்டால் ஒன்று எண் வரும், அல்லது ப்ரோஷர் வரும்.