அளவுக்காக ஒரு ஆள்

"சரி ஐயா, எடுத்துவிடுறன்" என்று சொல்ல எனக்கு இரண்டு நொடிகூட எடுக்கவில்லை. நான் வரைந்த படம் கைமாறி ஏழு மாதம் ஆகிவிட்டது. அந்த வேகம்தான் இன்னும் உறுத்துகிறது.

ஆறடிக்கு நாலடி கான்வஸ். 2200ஆம் ஆண்டில் கொழும்புக் காலிமுகத்திடல். கடல் ஏறித் திடலை மூடிவிட்டது, தாமரைக் கோபுரத்தின் காலடிவரை தண்ணீர். தூரத்தில், நடுக்கடலில், பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏற்றிச்செல்லும் விண்தூக்கியின் கம்பி மேகத்துக்குள் ஏறிப் போகிறது. முன்னால் ஒரு உடைந்த சுவரில் வயதான பெண் ஒருவர், மடக்கிய குடையை இரண்டு கையாலும் பிடித்தபடி, பஸ்ஸுக்கு நிற்பவரைப் போல நிற்கிறார். இரண்டு அங்குல உயரம்.

இப்படியான படங்களை நான் மனதிலிருந்து நேரே வரைவதில்லை. இல்லாத ஒன்றை நம்பவைக்க வேண்டுமென்றால் அதில் விழும் வெளிச்சமாவது உண்மையாக இருக்க வேண்டும். முதலில் தீப்பெட்டி அளவில் இருபது முப்பது பென்சில் கீறல்கள். அப்புறம் மாதிரி. விண்தூக்கியின் மேடை, பழுதான மின்விசிறியின் மோட்டார்க் கூடும் பால்மா டின் மூடியும்தான். மேசை விளக்கைப் பின்னேரச் சூரியன் போலச் சாய்த்து வைத்துப் போட்டோ எடுத்து, கட்டம் போட்டுக் கான்வஸுக்கு மாற்றினேன். குடையோடு நிற்பவர் என் பெரியம்மா. வெள்ளவத்தை வீட்டு மொட்டைமாடியில் ஐந்தரை மணி வெயிலில் நிற்கவைத்தேன். "எவ்வளவு நேரமடா நிக்கிறது?" என்று கேட்டாரே தவிர அசையவில்லை.

படத்தை வாங்கப் பார்க்க வந்தவர் முதலில் கம்பியைப் பற்றித்தான் கேட்டார். விண்தூக்கி நிலநடுக்கோட்டில் அல்லவா நிற்க வேண்டும், கொழும்பு ஏழு பாகை வடக்கே இருக்கிறதே என்று. நான் விடவில்லை. இதே கொழும்பில் வாழ்ந்து மறைந்த ஆர்தர் சி. கிளார்க், 1979இல் வெளிவந்த தன் விண்தூக்கி நாவலுக்காக இந்தத் தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி வைத்ததைச் சொன்னேன். ஒத்துக்கொண்டார்.

பிறகு விரலை நீட்டினார். "இந்த அம்மா என்னத்துக்குத் தம்பி?"

"அளவு தெரியத்தான் ஐயா. ஆள் நிண்டால்தான் மற்றது பெரிசாத் தெரியும்."

"அதுக்குத்தான் தாமரைக் கோபுரம் நிக்குதே. 350 மீற்றருக்குக் கிட்ட. கொழும்பில அதைப் பாக்காத ஆக்கள் ஆர்?"

சரி ஐயா என்றேன்.

அவர் சொன்னதில் பிழையில்லை. நான் சொன்ன காரணத்துக்கு நேரான பதில் அது. மரியாதையாகவும் கேட்டார், காசும் அவருடையது. ஆனால் ஒரு தீவை நகர்த்தியதற்காக வாதாடியவன் இரண்டு அங்குலத்துக்கு ஏன் வாய் திறக்கவில்லை? அளவுக்காக என்பதே உண்மையான காரணம் இல்லையோ? எல்லாம் மூழ்கின பிறகும் யாரோ ஒருவர் பஸ் வரும் என்று நிற்கட்டும் என்றுதான் வரைந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு இது என் வாயில் வரவில்லை. பின்னால் நானே தேடிக் கண்டுபிடித்த நியாயமாகவும் இருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் விட்டிருப்பாரோ என்னவோ.

மறுநாள் அழித்தேன். கொழும்பின் ஈரக்காற்றில், ஐந்து நாளாகியும் சாயம் பிசுபிசுத்தது. டர்பன்டைன் துணியால் ஒரு துடை துடைத்ததும் முகமும் சேலையின் நீலமும் வந்துவிட்டன. அடியில் பூசிய பேர்ன்ட் அம்பர் பழுப்பு மட்டும் போகவில்லை. அது மெல்லிசாகப் பூசுவது, முந்தியே காய்ந்துவிடும். மேலே வரவரத்தான் எண்ணெய் கூட்டுவோம், மாறிச் செய்தால் சாயத்தில் வெடிப்பு விழும். அந்தப் பழுப்பு நிழலில் குடை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெள்ளையும் அல்ட்ராமரின் நீலமும் கலந்த பனிப்புகாரால் மூடினேன். எண்ணெய்ச் சாயம் காலம் போகப் போகக் கண்ணாடித்தன்மை அடையும், மூடியது வெளியே தெரியத் தொடங்கும். பழைய ஓவியங்களில் அப்படி நடந்திருக்கிறது. அதை நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் நான் பூசியது டைட்டானியம் வெள்ளை. அது லேசில் விட்டுக்கொடுக்காது.

போன கிழமை பெரியம்மா கேட்டார், "நான் நிக்கிற படம் எங்க மாட்டியிருக்கு? ஒருக்காப் போய்ப் பாப்பமே."

உள்ளே விடமாட்டார்கள் என்று சொன்னேன். படம் மாட்டியிருப்பது வரவேற்பறையில். யாரும் போகலாம்.