வெற்றுத் தாளில் இருக்கும் பெயர்கள்

பழைய எபிரேய சமய நூல்களை வாங்கி விற்கும் லண்டன் கடை ஒன்றில் விவரப் பட்டியல் தயாரிப்பது என் வேலை. அச்சான ஊர், ஆண்டு, தாள்களின் எண்ணிக்கை எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். நேரம் பிடிப்பது அட்டைக்கும் தலைப்புப் பக்கத்துக்கும் நடுவில் உள்ள வெற்றுத் தாள்கள்தான். நூலை வைத்திருந்தவர்கள் பெயர் எழுதியிருப்பது அங்கேதான். தகப்பன் பெயருக்குக் கீழே மகன் பெயர், சில நூல்களில் பிள்ளைகள் பிறந்த நாளும் பெற்றோர் இறந்த நாளும்கூட இருக்கும். பலர் தம் பெயரை எடுத்த எடுப்பில் எழுதுவதில்லை. "பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது" என்ற 24ஆம் சங்கீதத்தின் வரியை, பெரும்பாலும் சுருக்கெழுத்தாக, முதலில் எழுதிவிட்டுத்தான் தம் பெயருக்கு வருகிறார்கள். நூல் ஆண்டவனுடையது, இப்போதைக்கு என் பொறுப்பில் இருக்கிறது என்கிற நினைப்பு அது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறேன்.

இத்தாலியிலிருந்து வந்த நூலென்றால் கடைசிப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1553இல் ரோம் நகரத்துச் சந்தைத் திடலில், யூதச் சட்டமும் அதன் விவாதங்களும் அடங்கிய தல்மூத் நூலின் பிரதிகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். பிறகு மற்ற எபிரேய நூல்களும் திருச்சபையின் தணிக்கையாளர் பார்வைக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. பார்த்தவர் கடைசியில் கையொப்பம் இடுவார். அடிக்கடி கண்ணில் படும் கையொப்பம் தொமெனிகோ ஜெரோசொலிமிட்டானோவுடையது. ரபியாக, அதாவது யூத மதகுருவாக, இருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர். எந்த நூலில் எந்த வரியை அடிக்க வேண்டும் என்று 1596இல் ஒரு கையேடே தொகுத்தவர். அவர்கள் மைபூசி மறைத்த வரிகளை இன்று பல பிரதிகளில் வாசிக்க முடிகிறது. தணிக்கையாளரின் எழுத்து மை காலப்போக்கில் பழுப்பேறி வெளுத்துவிட்டது, அடியில் உள்ள அச்சு மை கறுப்பாகவே நிற்கிறது.

தணிக்கைக்குப் பயந்து தன் நூல்களோடு சேர்ந்து வாழ முடியாமல் போன ரபியும் உண்டு. டேவிட் ஓப்பன்ஹைம் 1702 முதல் பிராகில் ரபியாக இருந்தார். அவருடைய நூலகமோ ஹனோவரில், மாமனார் பாதுகாப்பில் இருந்தது. ஓப்பன்ஹைம் 1736இல் காலமான பின் பல கைகள் மாறி, 1829இல் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகம் அதை 9,000 தாலருக்கு வாங்கியது. அத்தனை பெரிய சேகரிப்புக்கு அது மிகக் குறைந்த விலை. ஆனாலும் சிதறாமல் ஒரே இடத்தில் நிலைத்ததே, அது போதும்.

எங்கள் தொழிலில் மதிப்பே ஓரக்குறிப்பில்தான். போசன் நகரத்து ரபி அக்கிவா ஏகர் தன் தல்மூத் பிரதியின் ஓரங்களில் எழுதி வைத்த கேள்விகளும் மேற்கோள்களும் பின்னால் தனி உரையாகி, வில்னா நகரில் அச்சான தல்மூத் பதிப்பின் பக்கங்களில் மூலத்தோடு சேர்ந்தே அச்சாயின. பல இடங்களில் அவர் விடை சொல்வதில்லை, 'இது ஆராயத்தக்கது' என்று நிறுத்திவிடுகிறார். இப்படிப்பட்ட ஓரங்களைத்தான் பைண்டர்கள் விளிம்பு நேராக வர வேண்டும் என்று வெட்டித் தள்ளியிருக்கிறார்கள். பாதி எழுத்தோடு அறுந்து நிற்கும் குறிப்பைப் பார்த்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

புகழ்பெற்ற ரபியின் கையெழுத்து இருந்தால் விலை பல மடங்கு ஏறும். யூதர்களின் பக்தி இயக்கமான ஹசிதியத்தின் குரு ஒருவர் கைபட்ட பிரதியை வீட்டில் வைத்திருப்பதே ஆசீர்வாதம் என்று நம்பி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அதனாலேயே போலிக் கையெழுத்துகளும் உலவுகின்றன. மை தாளில் ஊறிய விதம், புழு அரித்த துளையை எழுத்து தாண்டிப் போகிறதா என்பதையெல்லாம் பார்க்காமல் ஒரு பெயரையும் பட்டியலில் ஏற்றக்கூடாது.

பெயர் உண்மையாக இருந்தாலும் நூல் யாருக்குச் சொந்தம் என்பது தனிக் கேள்வி. ஹசிதியர்களில் ஒரு பிரிவான லுபாவிச் இயக்கத்தின் ஆறாம் குரு யோசெஃப் யிட்ஸ்ஹாக் ஷ்னியர்சோனின் நூலகத்திலிருந்து அவருடைய பேரன் சில நூல்களை எடுத்து விற்க, வழக்கு நியூயார்க்கில் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. நூல்கள் குடும்பச் சொத்தல்ல, இயக்கத்துக்கு உரியவை என்று 1987 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. தந்தையே ஹசிதியர்களுக்கு உரியவர், ஆகவே நூல்களும் அவர்களுக்கே என்று குருவின் மகள் சாட்சியம் சொல்லியிருந்தார். அதற்கு மேல் வாதம் வேண்டியதில்லை என்றே எனக்குப் படுகிறது.

எந்த நூலகத்து நூல் என்று காட்டும் ரப்பர் முத்திரைகள்தான் எனக்கு மிகவும் பாரமானவை. நாஜிகள் கொள்ளையடித்த நூல்களைத் திருப்பித் தர 1946இல் ஜெர்மனியின் ஓஃபன்பாக்கில் அமெரிக்க ராணுவம் ஒரு கிடங்கு நடத்தியது. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் ஆவணங்களும் அதன் வழியே போயின. எபிரேயம் தெரியாத பணியாளர்களும் பிரிக்கும்படி, அங்கே முத்திரைகளைப் படமெடுத்துத் தொகுத்தார்கள். படத்தோடு ஒப்பிட்டு, நாடுவாரியாக அடுக்கினார்கள். அந்தப் படங்கள் இன்றும் எங்களுக்கு உதவுகின்றன. அழிந்துபோன ஒரு யெஷிவாவின், அதாவது யூத சமயக் கல்விச்சாலையின், முத்திரையோடு நூல் வந்தால் விற்பனையை நிறுத்திவிட்டு, அது எந்த வழியாகக் கைமாறியது என்று முதலில் விசாரிக்க வேண்டும். வாடிக்கையாளர் காத்திருக்கட்டும். முத்திரையைச் சுரண்டிய தடம் தெரிந்தால் அந்த நூலை எந்த விலைக்கும் வாங்கக்கூடாது என்று கடையில் நான் விடாமல் வாதாடுகிறேன்.